20 வருடம் முடிந்தால் பொய் உண்மையாகிவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. காணிப் பெர்மிட் வைத்திருப்பவர்கள், காணிக் கச்சேரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள், பிள்ளைகளுக்கு ஒரு துண்டுக் காணி கேட்டு விண்ணப்பம் போடக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

நமது ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. ஒரு பழைய பெர்மிட்டைப் பற்றி, "அது பொய் சொல்லி எடுத்த காணி" என்று யாராவது வாய் திறந்தால் போதும். தேநீர்க் கடையாக இருந்தாலும் சரி, பள்ளிவாசல் முற்றமாக இருந்தாலும் சரி, உடனே ஒரு பதில் வரும்: "20 வருஷம் போயிட்டு. இனி ஒண்டும் செய்ய ஏலா. சட்டமே அப்படித்தான்." சொல்பவர் ஏதோ ஃபத்வா கொடுத்த மாதிரி எழுந்து போய்விடுவார். கேட்டவரும் வாயை மூடிக்கொள்வார்.

அந்தப் பதிலில் ஒரு உண்மை இருக்கிறது, ஒரு பொய் இருக்கிறது, ஒரு அநியாயமும் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுப்பதால்தான் அது இவ்வளவு காலம் செல்லுபடியாகிறது. நான் பிரித்துக் காட்டுகிறேன்.

முதலில் உண்மை.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவைப் பாருங்கள். கொலைக்கும் இராஜத்துரோகத்துக்கும் வழக்குத் தொடரக் காலக்கெடு கிடையாது. வேறு எந்தக் குற்றமாக இருந்தாலும், அதற்கெனத் தனி ஏற்பாடு ஒன்று சட்டத்தில் இல்லாவிட்டால், குற்றம் செய்த நாளிலிருந்து 20 வருடம் கழிந்ததும் வழக்குத் தொடரும் உரிமை இல்லாமல் போகிறது. அரச காணிக்கு விண்ணப்பிக்கும்போது தெரிந்துகொண்டே பொய் சொல்வது, பொய்யான சத்தியக் கடதாசி கொடுப்பது, ஏமாற்றிக் காணி எடுப்பது எல்லாம் இந்த 20 வருடக் கணக்குக்குள்தான் வரும். ஆகவே 2005இல் ஒருவர் சொன்ன பொய்க்கு 2025இல் கதவு பூட்டியாகிவிட்டது. இது உண்மை. இதை நான் மறுக்கவில்லை.

இனிப் பொய்.

"20 வருடம் முடிந்தது, ஆகவே காணி அவருக்குச் சொந்தம்" என்று அர்த்தம் எடுக்கிறோமே, அதுதான் பொய். 456ஆம் பிரிவு சொல்வது வழக்குத் தொடர்வதைப் பற்றி மட்டும். ஆளை நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்று மட்டுமே அது சொல்கிறது. அவர் எழுதிக் கொடுத்தது உண்மை என்று சொல்லவில்லை. காணி அவருடையது என்றும் சொல்லவில்லை. குற்றத்துக்குத் தண்டனை ஒரு விடயம், காணிக்கு உரித்து இன்னொரு விடயம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கக் கூடாது.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் பெர்மிட் ஒரு நிபந்தனைப் பத்திரம். நிபந்தனையை மீறினால், அறிவித்தல் கொடுத்து, விசாரணை வைத்து, அதை இரத்துச் செய்ய அந்தக் கட்டளைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தனியார் காணியில் 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கு அரசின் உரிமையைப் பாதிக்காது என்று ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க, "20 வருஷம் போயிட்டு" என்ற ஒரு வார்த்தையால் அரச காணியைத் தன் வாப்பாவின் முதுசமாக ஆக்கிக்கொள்வது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. பேச்சை நம்பி நாம் சும்மா இருந்தோம்.

இப்போது அநியாயம். இந்தப் பதிவை நான் எழுதுவது இதற்காகத்தான்.

20 வருடம் குறைவான காலம் அல்ல. அதில் எனக்குக் குறை இல்லை. அந்த 20 வருடம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் குறை. பொய் சொன்ன நாளிலிருந்து ஓடுகிறது. பொய் வெளியே தெரிந்த நாளிலிருந்து அல்ல.

மற்றக் குற்றங்களை யோசித்துப் பாருங்கள். ஒருவர் உங்கள் வீட்டில் களவெடுத்தால் விடிந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களை அடித்தால் அந்த நிமிடமே தெரியும். காணி விண்ணப்பத்தில் ஒருவர் பொய் எழுதினால் யாருக்குத் தெரியும்? எழுதியவருக்குத் தெரியும். சிலவேளை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தத் தாள் ஒரு கோவைக்குள் போகிறது, கோவை ஒரு அலுமாரிக்குள் போகிறது, அலுமாரிக்கு ஒரு பூட்டு. யாருடைய வயிற்றில் அந்தப் பொய் அடிக்கிறதோ, அந்த மனுசனுக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. ஆனால் கடிகாரம் மட்டும் அலுமாரிக்குள் இருந்துகொண்டு ஓடுகிறது.

வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல ஒரு உதாரணம் போடுகிறேன். இது யாருடைய கதையும் அல்ல. ஆனால் வாசிக்கும்போது உங்களில் பலருக்குத் தெரிந்த கதையாக இருக்கும்.

வடக்கில் ஒரு ஊர். 1990 ஒக்டோபர் கடைசியில் அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்படுகிறார்கள். அந்த நாட்களில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்குப் போனார்கள். நமது உதாரணக் குடும்பமும் போகிறது. அவர்கள் பெர்மிட்டில் செய்துவந்த 2 ஏக்கர் காணி அங்கே கிடக்கிறது. பெர்மிட் வீட்டோடு போய்விட்டது. 1995இல் வேறொருவர் அந்தக் காணிக்கு விண்ணப்பிக்கிறார். "எனக்கோ என் மனைவிக்கோ வேறு காணி எதுவும் இல்லை. இந்தக் காணியை நான் நீண்ட காலமாகத் திருத்திச் செய்து வருகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறார். இரண்டும் பொய். காணி கிடைக்கிறது.

2009 மே மாதம் போர் முடிகிறது. 2010இல் நமது குடும்பம் ஊருக்குத் திரும்புகிறது. காணியில் வேறு ஆள். "பெர்மிட் இருக்கு" என்கிறார். கந்தோருக்கு நடக்கிறார்கள். இன்று வா, நாளை வா. கோவை இல்லை, கோவை இருக்கிறது ஆனால் உத்தியோகத்தர் லீவு. கடைசியாக 2016இல் ஒரு நல்ல மனுசன் கோவையைத் திறந்து காட்டுகிறார். அப்போதுதான் அந்த விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிகிறது.

1995உடன் 20ஐக் கூட்டுங்கள். 2015.

கதவு பூட்டி ஒரு வருடம் கழித்துத்தான், கதவு என்று ஒன்று இருந்ததே அந்தக் குடும்பத்துக்குத் தெரிகிறது. அந்த 20 வருடத்தில் 14 வருடம் போர் நடந்தது. அவர்கள் கிடுகு வீட்டில், அகதி என்ற பெயரோடு, நிவாரண அட்டையோடு இருந்தார்கள். அப்போதும் கடிகாரம் நிற்கவில்லை. 5ஆம் தரப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் "சேர், இது பிழை" என்று சொல்லும். சட்டம் எழுதுபவர்களுக்கு மட்டும் தெரியவில்லையா?

தெரியும். அதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. தெரிந்துதான் 2016இல் பாராளுமன்றம் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தைக் கொண்டுவந்தது. போரினால் தன் காணிக்கு நீதிமன்றம் போக முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. "கடிகாரம் நியாயமில்லாமல் ஓடியிருக்கிறது, ஆகவே அந்த வருடங்களைக் கழிப்போம்" என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் அது தனியார் காணியின் சிவில் வழக்குக்கு மட்டும். அந்த வாய்ப்புக்கும் 2 வருடக் கெடுதான். அரச காணி விண்ணப்பத்தில் பொய் சொன்னவர் மீதான குற்ற வழக்குக்கு இப்படி ஒரு கழிவு கிடையாது. ஒரே போர், ஒரே அகதி முகாம், ஒரே வருடங்கள். ஒரு கடிகாரத்தை நிறுத்தினார்கள், மற்றதை ஓட விட்டார்கள்.

"குற்ற வழக்கில் அப்படியெல்லாம் கடிகாரத்தை மாற்றி வைக்க முடியாது" என்று ஒரு படித்த நண்பர் சொன்னார். பக்கத்து நாட்டைப் பார்க்கலாம். இந்தியாவின் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சிறிய குற்றங்களுக்குக் காலக்கெடு மிகக் குறைவு. மூன்று வருடம் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றமென்றால் 3 வருடம்தான். ஆனால் குற்றம் நடந்தது பாதிக்கப்பட்டவருக்கும் தெரியாது, பொலிஸுக்கும் தெரியாது என்றால், அவர்களில் ஒருவருக்குத் தெரியவந்த முதல் நாளிலிருந்துதான் அந்தக் கணக்குத் தொடங்கும். 469ஆம் பிரிவு. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது தொடர்கிறது. ஆக, செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

இதைவிடக் கவலையான இன்னும் இரண்டு விடயம் இருக்கிறது. இவை போர் நடக்காத ஊர்களுக்கும் பொருந்தும்.

ஒன்று, யார் வழக்கைத் தொடங்கலாம் என்பது. அரச ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். ஆனால் அந்தக் குற்றத்துக்கு நீங்களோ நானோ நேரே நீதவான் நீதிமன்றத்தில் போய் வழக்குப் போட ஏலாது. பொய் சொல்லப்பட்ட அந்த உத்தியோகத்தர் முறைப்பாடு செய்ய வேண்டும், அல்லது சட்டமா அதிபரின் முன் அனுமதி வேண்டும். காணியை இழந்த ஏழை மனுசன் வாசலில் நிற்கிறார், சாவி கந்தோருக்குள் இருக்கிறது. உத்தியோகத்தர் சில வருடங்களில் இடமாற்றம் வாங்கிப் போகிறார். புதிதாக வந்தவர் "இது என் காலத்தில் நடந்ததல்ல" என்கிறார். அவருக்குப் பின் வருபவரும் அதையே சொல்கிறார். இப்படி நான்கைந்து பேர் மாறினால் 20 வருடம் முடிந்துவிடும். யாரும் எந்தத் தவறும் செய்யாமலே பொய் தப்பிவிடும்.

இரண்டாவது, கோவை எவ்வளவு காலம் இருக்கும் என்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சட்டம் நடைமுறைக்கு வரும்போது இருந்த பதிவேடுகளை அந்த நாளிலிருந்து ஆகக் குறைந்தது 10 வருடம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு உருவாகும் புதிய பதிவேடுகளை, உருவான நாளிலிருந்து ஆகக் குறைந்தது 12 வருடம் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் வைத்திருக்கலாம், வைத்திருக்கும் கந்தோர்களும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சம் அதுதான். இப்போது சேர்த்துப் பாருங்கள். பொய்க்கு வழக்குப் போட 20 வருடம். பொய் எழுதிய தாளைப் பாதுகாக்கக் கட்டாயம் 12 வருடம். மிச்சம் 8 வருடம் வழக்குப் போடும் உரிமை உங்கள் கையில் இருக்கும், சாட்சித் தாள் இருக்குமோ இல்லையோ, அது உங்கள் நசீபு.

ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். போருக்குப் பிந்திய அரச காணிப் பிரச்சினைகளைத் துரிதமாகத் தீர்க்கவென்று காணி ஆணையாளர் நாயகம் 2013/01 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டார். வடக்கு கிழக்கில் பத்திரம் தொலைத்தவர்கள், காணி இழந்தவர்கள், காணி இல்லாதவர்கள் என்று பலர் அப்போது விண்ணப்பம் நிரப்பினார்கள். அதில் உண்மை எழுதியவர்களும் இருக்கிறார்கள், மற்றவர்களும் இருக்கிறார்கள். 2013இல் எழுதப்பட்ட பொய்க்கு 2033 வரை கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோவைகள் 2017க்கு முன்னர் உருவானவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மக்கள் விண்ணப்பிக்கத் தொடங்கியது 2017 பெப்ரவரியில். அந்தக் கணக்கில் 10 வருடக் கட்டாயம் 2027ஐ ஒட்டி முடிந்துவிடும். ஆகவே 2033 வரை நேரம் இருக்கிறது என்று படுத்துத் தூங்குபவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் உண்மையான கெடு 2033 அல்ல.

சரி, இதற்கு வரக்கூடிய பதில்களுக்கும் வருவோம்.

"அப்படியென்றால் காலக்கெடுவையே எடுத்துவிடச் சொல்லுங்கள் சேர், கொலைக்கு இல்லாத மாதிரி" என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். காலக்கெடு என்பது கள்ளனைக் காப்பாற்ற வைத்த சட்டம் அல்ல. 40 வருடத்துக்குப் பிறகு ஒருவரைப் பிடித்து "நீ அன்று இப்படி எழுதினாயா?" என்று கேட்டால், அவர் சார்பில் பேச வேண்டிய சாட்சி மையவாடியில் இருப்பார். எழுதிக் கொடுத்த ஆள் வேறு, கைநாட்டு வைத்த ஆள் வேறாக இருக்கும். வாசிக்கத் தெரியாத எத்தனையோ விவசாயிகள், அடுத்தவர் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் பெருவிரலை வைத்துவிட்டு வந்தார்கள். கெடுவே இல்லாத ஒரு வழக்கை இந்த நாட்டில் யார் மீது பாய்ச்சுவார்கள்? அதிகாரம் உள்ளவர் மீதா? ஆள் பலமில்லாத ஏழை மீதும், சிறுபான்மை மீதும்தான் அது பாயும். அதை நாம் வேறு சட்டங்களில் அனுபவித்தவர்கள்.

எனவே கெடு இருக்கட்டும். குற்றம் வெளிப்பட்ட நாளிலிருந்து, அல்லது நியாயமாக விசாரித்திருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ணுங்கள். அதற்கு 5 வருடம் போதும். எல்லாவற்றுக்கும் மேலே இதைத் தாண்டக் கூடாது என்று ஒரு உச்ச எல்லையும் போடுங்கள், 30 வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்லப்படும் பொய்களுக்கும், இன்னும் கெடு முடியாத பொய்களுக்கும் மட்டும் இது பொருந்தட்டும். பூட்டிய கதவை உடைக்கச் சொல்லவில்லை. தெரியாமல் பிழையாக எழுதியவரை எந்தச் சட்டமும் குற்றவாளியாக்கக் கூடாது. தெரிந்துகொண்டே எழுதியவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

இன்னொரு பதில், மெதுவாகக் காதோடு சொல்லப்படுவது: "சேர், இதைக் கிளறினால் நம்மட ஆக்களும்தான் மாட்டுவாங்க."

இதைச் சொல்பவர்களிடம் நான் நேராகவே பேசுகிறேன். ஆமாம், மாட்டுவார்கள். ஒரு மாவட்டத்தில் வீடும் காணியும் இருக்க, இன்னொரு மாவட்டத்தில் போய் "காணியற்றவன்" என்று எழுதியவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனை உள்ளூரில் குடியிருக்கிறான் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். மனைவிக்குச் சீதனமாக வந்த காணியை மறைத்தவர்கள் இருக்கிறார்கள். அரசியல்வாதியின் பட்டியலில் பெயர் இருந்தால் விண்ணப்பத்தில் எதை எழுதினாலும் சரி என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பொய்யால் காணி இழந்தவர் யார்? தூரத்தில் இருக்கும் ஏதோ ஒரு சமூகம் என்று நினைக்கிறீர்களா? அதே கச்சேரியில், அதே வாங்கில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த விதவைத் தாய். நான்கு குமர்களை வைத்துக்கொண்டு தம்பி வீட்டு விறாந்தையில் படுக்கும் மனுசன். அவர்களும் "நம்மட ஆக்கள்"தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்றச் சமூகத்தவர் எடுத்த காணிக்கு மட்டும் கோவையைத் திற, எங்கள் கோவையைத் திறக்காதே என்று கேட்டால் நமது கோரிக்கைக்கு எந்த மேசையிலும் மரியாதை கிடைக்காது. பக்கத்து ஊர்த் தமிழ்க் கிராமத்திலும் சிங்களக் கிராமத்திலும் இதே பொய்யால் காணி இழந்த ஏழைகள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்கக்கூடிய ஒரே கோரிக்கை, எல்லோருடைய கோவையையும் திற என்பதுதான்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான், விடுங்கள்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்த்துக்கொள்வான், அதில் சந்தேகம் இல்லை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் என்ன காத்திருக்கிறது என்ற ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே 20 வருடக் கெடு இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கை எடுத்தவருக்கானது. இழந்தவரைப் பார்த்து "நீ பேசாமல் இரு" என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்துவது மார்க்கத்தையே கேவலப்படுத்துவது.

நான் கேட்பது ஐந்து விடயம்.

1. காலக்கெடு, குற்றம் வெளிப்பட்ட நாளிலிருந்து ஓட வேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் காணிப் பிரச்சினை பற்றிக் கதைக்கிறார்கள். 456ஆம் பிரிவுக்கு ஒரு திருத்தம் கொண்டுவர ஒரு தனிநபர் பிரேரணை போதும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது மாலை போடுவதற்கு முதல் இதைக் கேளுங்கள்.

2. காணிக் கச்சேரியில் தெரிவானவர்களின் பட்டியலோடு, அவர்கள் தமக்கிருக்கும் காணி பற்றிக் கொடுத்த வாக்குமூலத்தின் சுருக்கமும் பகிரங்கமாக ஒட்டப்பட வேண்டும். அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி இலக்கமோ தேவையில்லை. "இவருக்கு வேறு காணி இல்லை என்று சொல்லியிருக்கிறார்" என்ற ஒரு வரி போதும். பிரதேச செயலகத்தில், பள்ளிவாசலில், கோயிலில், பன்சலையில், கூட்டுறவுக் கடையில் ஒட்டுங்கள். ஊருக்குத் தெரியாத காணி இல்லை. ஒரு மாதத்துக்குள் பொய் எது, மெய் எது என்று ஊரே சொல்லிவிடும். 20 வருடம் காத்திருக்கத் தேவையே வராது.

3. காணி விண்ணப்பக் கோவைகளை ஆகக் குறைந்தது வழக்குக் கெடு முடியும் வரையாவது அழிக்கக் கூடாது என்று தெளிவான அறிவுறுத்தல் வேண்டும்.

4. பாதிக்கப்பட்டவர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், உத்தியோகத்தர் குறித்த நாட்களுக்குள் ஒன்றில் நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது ஏன் எடுக்கவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

5. உறுதிப்படுத்திக் கையெழுத்து வைப்பவர்களுக்கும் பொறுப்பு வேண்டும். இது நமது சமாதான நீதவான்களுக்கும், நம்பிக்கையாளர் சபைகளுக்கும், கடிதம் கேட்டவுடன் கடிதம் கொடுக்கும் சங்கங்களுக்கும் சேர்த்துத்தான். தெரியாததைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்து வைக்காதீர்கள். "பாவம், உதவி செய்தேன்" என்பீர்கள். யாருக்கு உதவி செய்தீர்கள், யாருடைய பங்கை எடுத்துக் கொடுத்தீர்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1927இல் அமைக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிபாரிசுகளிலிருந்து பிறந்தது. காணி இல்லாத விவசாயிக்குக் காணி போய்ச் சேர வேண்டும், சேர்ந்த காணி பணக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தச் சட்டத்தின் முழுப் பாரமும் விண்ணப்பத்தில் இருக்கும் ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: "உமக்கு வேறு காணி உண்டா?" அந்தக் கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்லித் தப்பலாம் என்றால், மிச்சச் சட்டம் எதற்கு?

சட்டம் திருந்த எத்தனை வருடமாகுமோ. அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, இன்றைக்கே செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். நீங்கள் கேட்கும் காணியின் விபரம், அது எந்த வருடம் எந்தக் கச்சேரியில் கொடுக்கப்பட்டது, விண்ணப்பத்தில் காணி உடைமை பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தை ஏற்றதற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். "தனிப்பட்ட தகவல், தர முடியாது" என்று சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள். பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

கெடு முடிந்த காணியாக இருந்தாலும் கேளுங்கள். ஆளைத் தண்டிக்க முடியாமல் போயிருக்கலாம், பெர்மிட்டைப் பற்றிக் கேள்வி எழுப்ப அந்தத் தாள் தேவை. பெர்மிட்டை அளிப்புப் பத்திரமாக மாற்றும்போதோ, பின்னுரித்து மாற்றும்போதோ அதே ஆள் அதே பொய்யைத் திரும்பவும் எழுதிக் கொடுத்திருந்தால், அது புதிய பொய். அதற்குப் புதிய 20 வருடம்.

விண்ணப்பம் எழுதத் தெரியாது, சிங்களத்தில் வந்த பதில் விளங்கவில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். பெர்மிட் பிரதி, பழைய கடிதம், வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த பக்கம், எது கையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எழுதுவோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அடுத்த தடவை அவர்களே எழுதட்டும்.

வஸ்ஸலாம்.